பனியில் நின்ற சாறன்

அன்புள்ள வாப்பாவுக்கு,

ஸலாம். முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

இந்த ஸ்கொட்லாந்து மலையில் ஒரு வாரமாகப் பனி. காற்றடித்தால் முகட்டிலிருந்து கடல் நுரைபோலப் பறக்கும், பார்த்து அலுக்காது. நேற்று வெயில் எறித்தது. நம்மூர்க் கிண்ணியா வெயில் என்று நம்பி, நீங்கள் தந்த சாறனைக் கழுவி நான் வேலை செய்யும் ஹோட்டலுக்குப் பின்னால் கொடியில் போட்டேன். வெளிச்சம்தான், சூடே இல்லை. சாறன் பலகையாக விறைத்துவிட்டது. கழற்றிச் சுவரோரம் வைத்தால், ஆள்போல நிற்கிறது!

என்னோடு அறையில் இருக்கும் நிலாவெளி விதுசன் ஜன்னலால் பார்த்து, "ஆரடா வெளியில நிக்கிறது?" என்றான்.

"எங்கட வாப்பா," என்றேன். இருவரும் சிரித்தோம்.

இன்னொரு சாறன் அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் உடுத்தது போதும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அந்தச் சாறனை இன்னும் உள்ளே எடுக்கவில்லை, வாப்பா.

மகன்,
இன்பாஸ்