ஜன்னல் பச்சை

மார்ச் 4

இன்று கப்பல் கட்டும் யார்டில் இருந்தவர்கள்: வங்கி அனுப்பிய அதிகாரி, என் வீட்டுக்காரர், இவருடைய அண்ணன் (எனக்கு மூத்தார்), பக்கத்தில் படகு கட்டக் கொடுத்திருக்கும் ஐஸ்காரம்மா, நான். இருந்திருக்க வேண்டிய யார்டு முதலாளி இல்லை. கடன் கழுத்தை நெரித்ததும் போனை அணைத்துவிட்டு ஓடிவிட்டார்.

பாதி கட்டிய எங்கள் கப்பல் யாருக்குச் சொந்தம்? அதிகாரி ஒப்பந்தத்தை வாசித்தார். எந்தத் தகட்டில், எந்த இயந்திரத்தில் நம் கப்பலின் எண் எழுதியிருக்கிறதோ அது நமக்கு. எண் இல்லாதது யார்டின் சொத்து, அதாவது இனி வங்கிக்கு.

எங்கள் எண் 41. கப்பல் உடம்பெங்கும் யார்டின் வெள்ளை பெயிண்டில் 41, 41. உள்ளே என்ஜின்தான் இல்லை. அதற்குக் கொடுத்த பணத்தை முதலாளி விழுங்கிவிட்டார். என்ஜின் இல்லாவிட்டால் அது கப்பலா? பெரிய தகர டப்பா.

கொட்டகையில் இருக்கும் ஒரே என்ஜின் ஐஸ்காரம்மா தானே வாங்கி இறக்கியது. எண் இல்லை.

"நம்பர் எழுதுறவன் சம்பளம் இல்லன்னு நின்னுட்டான் சார். நான் என்ன பண்ணுவேன்?"

"உங்களுதுதான்னு ரெண்டு சாட்சி சொன்னா ஒத்துக்கறேன். வெள்ளிக்கிழமை பட்டியல் எழுதிடுவேன்."

"இறக்கினப்ப நான் பாத்தேன்" என்றேன். அன்று இவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"ஒண்ணு. இன்னொருத்தர்?"

கயிறு பிடித்து இறக்கியவரே இவர்தான். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூத்தார் இருமினார். சீ.

மார்ச் 5

மூத்தார் காலையிலேயே வந்து உபதேசம். "எப்படியும் வங்கிக்காரன் வாயில போற என்ஜின். நம்ம எடுத்தா என்ன பாவம்? ஆண்டவனே காட்டின வழிம்மா."

திருட்டுக்கு ஆண்டவனைக் கூட்டாளியாக்கும் வாய். இவர் "ம்" என்றார்.

மார்ச் 6

ஜன்னல் கம்பிக்கு வாங்கிய பச்சை பெயிண்ட் டின்னைக் காணோம். பாதி ஜன்னல் பச்சை, பாதி துரு.

மார்ச் 7, வெள்ளி

என்ஜினில் 41. பச்சையில்!

அதிகாரி குனிந்து பார்த்தார். "போன தடவ இல்லையே?"

"தூசி படிஞ்சிருந்துச்சு சார். தொடச்சதும் தெரியுது" என்றார் மூத்தார், கூசாமல்.

ஐஸ்காரம்மா கத்தவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, நல்லா இருங்க" என்றாள். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சார், இது எங்க வீட்டு ஜன்னல் பச்சை" என்றேன்.

மூத்தார் சிரித்தார். "ஏம்மா, உலகத்துப் பச்சையெல்லாம் உன் டின்னுலேருந்துதான் வருதா?"

அதிகாரி சிரிக்கவில்லை. "எழுதிக் குடுங்கம்மா. ரெண்டு கையெழுத்து வேணும். அதுவரைக்கும் என்ஜின் யாருக்கும் இல்ல."

மதியம் மூத்தார் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். நகக்கண்ணில் பச்சை. அந்த விரலால் என் சோற்றைப் பிசைந்து, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். அவர் போனதும் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பச்சை போகவில்லை போலவே இருந்தது — தட்டில் ஒட்டவே இல்லை, தெரியும்.

"அண்ணன எப்படி விட்டுக் குடுக்கறது?" என்றார் இவர்.

"அந்தம்மாவ விட்டுக் குடுத்தப்ப நாக்கு கூசலையா உங்களுக்கு?"

மார்ச் 8

ஆண்டவனிடம் கப்பல் கேட்டேன், கிடைத்தது. மனுஷனைக் கேட்டிருக்க வேண்டுமோ?

மார்ச் 9

விளக்கு வைக்கும் நேரத்தில் இவர் வந்தார். அண்ணன் வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்ததாம், டின்னையும் பிரஷையும் அடுப்படி மேடையில் வைத்தார். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. கேட்கவில்லை.

"எழுது" என்றார்.

எழுதினேன். படித்தார். "நானே கயிறு பிடித்து இறக்கினேன்" என்று ஒரு வரியைத் தானே சேர்த்து, என் பெயருக்கு மேலே கையெழுத்துப் போட்டார். தகர டப்பா தகர டப்பாவாகவே நிற்கும். நிற்கட்டும்.

அதிகாரிக்கு அனுப்பியதன் நகல்:

ஐயா, கொட்டகையில் உள்ள என்ஜின் ஐஸ்காரம்மாவுடையது. நாங்கள் இருவரும் கண்ணால் கண்டோம். நானே கயிறு பிடித்து இறக்கினேன். அதிலுள்ள 41 எங்கள் வீட்டு ஜன்னல் பெயிண்ட். டின்னும் பிரஷும் இத்துடன் உள்ளன. நேரில் வந்து சொல்லவும் தயார். எங்கே, எப்போது வர வேண்டும்? தயவுசெய்து சீக்கிரம் பதில் தரவும்.