சாவி எடுத்த பிறகும் கரண்ட்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே வெக்கை. மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது. நைட் ஷிப்ட் முடித்து வந்தும் தூக்கம் இல்லை. காரணம், கார்.

நேற்று புதுவாயல் போக ஏறினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. டிரைவர் சீட் முழுக்க முன்னால். என் காரில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் ட்ரிப்பு ஓட்டுகிறவன் மச்சான் தினேஷ், என் பெண்டாட்டி செல்வியின் தம்பி. ஆறடி. அந்த சீட்டில் உட்கார்ந்தால் காலைக் கழற்றித் தோளில்தான் போட வேண்டும். நடுக் கண்ணாடியும் கீழே இறங்கி இருக்கிறது. சீட்டுக்கடியில் ஒரு ஹேர்பின். யாரோ குள்ளமான பொம்பளை.

கேட்டேன்.

"சீட்டு லாக்கு லூஸு மாமா. தானா நவுருது."

லாக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசைந்தால்தானே!

செல்வி உடனே தம்பிக்கு வக்காலத்து: "எதுக்கெடுத்தாலும் சந்தேகம். நீ போலீசுக்குப் போயிருக்கணும்."

இவளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

வாங்க வேண்டியது: கார் கேமரா, மெமரி கார்டு, சிவப்பு வயர், டீத்தூள்.

ஜூன் 10, செவ்வாய்

கேமரா மாட்டியாச்சு. ஆக்சிடென்ட் ஆனால் இன்சூரன்ஸுக்கு ஆகும் என்றேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"ஓடும்போது மட்டுந்தான மாமா எடுக்கும்?"

ஏன் கேட்கிறான்? "சாவிய எடுத்தா அணைஞ்சிடும்டா" என்றேன். அப்போது அது உண்மைதான்.

கேமராவுக்குக் கரண்ட் சார்ஜர் பாயிண்டில் இருந்து. போன் சார்ஜரும் அதில்தான். சாவி போட்டால்தான் அதில் கரண்ட். இத்தனை வருஷமாக ஸ்டீல் மில்லில் எலக்ட்ரிக் பேனல் பார்க்கிறவனுக்கு இது ஒரு வேலையா? மத்தியானம் தினேஷ் சாப்பிடப் போன நேரம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். டாஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பாக்ஸ். சார்ஜர் பாயிண்டின் பழைய லைனைப் பிரித்துவிட்டு, சாவி இல்லாமலும் கரண்ட் இருக்கிற இடத்திலிருந்து சிவப்பு வயர் ஒன்று இழுத்து, அதற்குத் தனி ஃபியூஸ். டேப் சுற்றி, வழக்கம்போல் முனையை மடித்துவிட்டேன். மடிக்காவிட்டால் அடுத்த முறை நகத்தால் சுரண்டிக்கொண்டு கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் எந்த டேப்பை எடுத்தாலும் முனை மடித்திருக்கும். செல்விக்கு அதில் ஓயாத கிண்டல்.

சாவியை எடுத்துப் பார்த்தேன். கேமரா அணையவில்லை. அதன் பச்சை விளக்கின் மேல் ஒரு துண்டு டேப்.

டீத்தூள் மறந்துபோச்சு. திட்டு.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். கார்டை உருவி வந்து, பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு போனில் பார்த்தேன்.

வண்டி ஓடும்வரை பேச்சே இல்லை. பாட்டு மட்டும். ஆரம்பாக்கம் தாண்டி, வயலுக்கு நடுவே ஈ காக்கா இல்லாத ரோடு. வண்டி நிற்கிறது. சாவி எடுக்கிற சத்தம். அதற்குப் பிறகு தினேஷ்:

"இப்ப பேசுக்கா. கேமரா ஆஃபாயிடுச்சி."

அக்கா!

"பயமா கீதுடா. அவருக்குத் தெரிஞ்சா?" செல்வி குரல். கம்பெனியில் ஓவர்டைம், ஓ.டி. இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன செல்வி.

"மாமாக்கு எதுக்கு சொல்ற? திங்கக்கெழம முடிஞ்சிடும். அப்பால அவரு இன்னா பண்ணுவாரு?"

"அப்பால நான் யாரையும் நம்பிக்கினு இருக்க வேணாம்ல?"

"உன் கால்ல நீ நிக்கப்போற. தைரியமா இருக்கா."

திரும்பத் திரும்பக் கேட்டேன். என்னை விட்டுப் போகப்போகிறாளா? யாரோடு? தம்பியே கூட்டிக்கொண்டு போகிறானே! வெளியே கதவைத் தட்டி "உள்ளயே குடித்தனமா?" என்கிறாள்.

ஜூன் 13, வெள்ளி

தோசை. சட்னியில் உப்பு அதிகம், சொல்லவில்லை. அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு இருந்தாள்.

"நேத்து ஓ.டி. எப்படி?"

"செம பேஜாரு. இடுப்பு ஒடிஞ்சிடுச்சி."

கண் இமைக்கவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன், பயமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

தினேஷ் வந்து நின்றான். "மாமா, பேட்டரி இழுக்கல. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணேன்."

வண்டி நிற்கிற நேரமெல்லாம் கேமரா பேட்டரியைக் குடிக்கிறது. சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். "பழைய பேட்டரி, அப்டித்தான் இருக்கும்" என்றேன். திங்கள்வரை தாங்கினால் போதும். எங்கே போகிறாள் என்று பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

சாயங்காலம் லேசான தூறல். ஷிப்ட் முடிந்து வந்தால், மேஜைமேல் கார் சாவி, மெமரி கார்டு, என் சிவப்பு வயர். செல்வி அடுப்படியில். முகம் திரும்பவில்லை.

கார்டைப் போட்டேன்.

திருவள்ளூர். பெரிய மைதானம். எல் போர்டு மாட்டிய கார்கள் வரிசையாக. ரொம்ப நேரம் காத்திருக்கிறார்கள். பிறகு யாரோ கூப்பிடுகிறார்: "அடுத்தது செல்வி! வண்டிய எடும்மா."

டிரைவிங் டெஸ்ட்.

சாவி திருகுகிறாள். டிக் டிக் டிக். மறுபடியும். டிக் டிக்.

"ஸ்டார்ட் ஆவலியா? ஓரமாத் தள்ளும்மா, பின்னாடி ஆளுங்க நிக்குது. வேற தேதி வாங்கிக்க."

தள்ளுகிறார்கள். கதவு சாத்தும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து தினேஷ்: "அக்கா, சாவி உன் கைலதான கீது? அப்பவும் போன் சார்ஜ் ஏறுது பாரேன்."

டாஷ்போர்டுக்குக் கீழே கை துழாவுகிறது. பிறகு அவள்:

"இந்த டேப்பப் பார்றா. முனைய மடிச்சி வெச்சிருக்கு."

கேமரா ரோட்டைப் பார்த்து இருப்பதால் அவள் முகம் தெரியவில்லை. காலி மைதானம்தான் தெரிகிறது. குரல் பக்கத்தில் வருகிறது.

"இன்னாய்யா, கேட்டுக்கினு கீறியா? இவன் வேற வேலைக்குப் போனா லேடீஸ் ட்ரிப்ப நான் ஓட்டட்டுமான்னு கேட்டேன். ஸ்கூட்டியவே செவுத்துல வுட்டவ நீன்னு சொந்தக்காரங்க முன்னாடி சிரிச்ச. அதான் சொல்லல. பாஸ் பண்ணிட்டு வந்து உன் கைலதான் சாவி கேக்கலாம்னு இருந்தேன்."

மூக்கை உறிஞ்சுகிறாள்.

"வேற தேதி வாங்கிட்டேன். டிரைவிங் ஸ்கூல் வண்டில போய்க்கிறேன். உன் வண்டி வேணாம்."

படம் அறுந்துவிட்டது. வயரைப் பிடுங்கியிருக்கிறாள்.

அடுப்படிப் பக்கம் போய் "செல்வி" என்றேன். "சாப்பாடு மூடி வெச்சிருக்கு" என்றாள், அவ்வளவுதான்.

சிவப்பு வயரை ஒழுங்காகச் சுருட்டி டேப் போட்டு வைத்திருக்கிறாள். முனையை மடிக்கவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன், வரவில்லை.