வலது பக்கப் பெட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் முட்டிவலி என்னைவிட நன்றாக இருக்கிறது. உனக்கு ஆறாம் மாதம் பிறந்திருக்கும், கால் வீக்கம் குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. லிஃப்ட் நடுவில் நின்று முக்கால் மணி நேரம் தனியாக உள்ளே கிடந்ததையும், போன் வீட்டு அலமாரியில் அணைந்து கிடந்ததையும் ஏதோ தூறல் போட்ட சேதி மாதிரி இரண்டே வரியில் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை அணைத்து வைக்கச் சொன்னவன் நான்தானே. மறுநாளே என் தப்பும் வெளியே வந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம், ஆனால் இதை நானே உனக்கு எழுதுவதுதான் முறை. லேபில் என் வேலை செல்களை எண்ணுவது, உனக்குத் தெரியும். ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள், இரண்டிலும் உயிருள்ள செல்கள் வைத்த தட்டுகள், ஒன்றில் மட்டும் போனில் வருவது போன்ற ரேடியோ அலை பாயும், மற்றதில் வெறும் விளக்குதான் எரியும். எது எதுவென்று எங்கள் மேடம் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருப்பார், எண்ணுகிறவனுக்குத் தெரியக் கூடாது. நான் சும்மா இருந்தேனா? தட்டை எடுக்கும்போது வலது பக்கப் பெட்டி புறங்கையில் லேசாகச் சுட்டது, அலை இதில்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். சாயம் விட்டால் செத்த செல் நீலமாகும், சில அரைகுறை நீலமாக நிற்கும். அவற்றை இடது பெட்டியில் உயிரோடு சேர்த்தேன், வலது பெட்டியில் செத்ததோடு சேர்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை பாப்பா, கண் அப்படித்தான் பார்த்தது. அதை நம்பித்தான் அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டு, செல்லெல்லாம் கொத்துக் கொத்தாகச் சாகிறது, பிள்ளை பிறக்கும்வரை போனைத் தொடாதே என்று மிரட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மேடம் உறையைப் பிரித்தார். வலது பெட்டியில் அலையே இல்லை, சோதனை நடந்த நான்கு மாதமும் அது வெறும் பெட்டி. சூடு, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் ஃப்ரிட்ஜ் மோட்டாரிலிருந்து வந்தது. தட்டுகளைப் படமெடுத்து வைத்திருந்ததால் இன்னொரு பெண்ணை உட்கார்த்தி எண்ண வைத்தார்கள், இரண்டு பெட்டிக்கும் வித்தியாசமே இல்லை. நான் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மேடம், இனிமே தட்டை வேற யாராவது எடுக்கட்டும், நீங்க எண்ணுங்க, முதல்லேருந்து ஆரம்பிப்போம் என்றார். திட்டியிருந்தால் தேவலை. உன் அம்மாவோ, முப்பது வருஷமா நான் சொன்ன எதையும் நம்பாத மனுஷன், ஒரு பெட்டி சுட்டதும் நம்பிட்டாரே என்று சிரிக்கிறாள்.

அலை ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு இன்னும் எத்தனையோ பேர் எண்ண வேண்டும். எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொன்னேன், அதுதான் தப்பு. நீ லிஃப்ட் இருட்டில் கதவைத் தட்டிக்கொண்டு நின்றது என்னால். மன்னித்துவிடம்மா.

நீயும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வாசலைத் தாண்டினால் போன் கையில் இருக்கட்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன், நீ எடுக்கும்வரை விடமாட்டேன்.

இப்படிக்கு,
தப்பாக எண்ணிய உன் அப்பா