கையெழுத்து அப்புறம்

சம்பளமில்லாச் சக்கரவர்த்தினி அம்மாவுக்கு,

ஆஸ்பத்திரியில் உன் மடிக்கணினியைத் தேடாதே. எடுத்து வந்தது நான்தான். பஸ், ரயில் டிக்கெட் விற்கும் கம்பெனிகளெல்லாம் நம்பியிருக்கும், நீ இலவசமாய்ப் பராமரிக்கும் மென்பொருளின் இணையப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு போட்டேன்: “இதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள். அவருக்கு வெள்ளிக்கிழமை இதய அறுவை சிகிச்சை.”

கம்பெனிகள் பதறின. ஒரு மேலாளர் போனில், “பூங்கொத்து அனுப்பட்டுமாப்பா?” என்றார்.

“பூ வாடிடும் சார். மாசாமாசம் அம்மாவுக்கும் உதவிக்கு இன்னொரு ஆளுக்கும் சம்பளம் அனுப்புங்க.”

“எவ்வளவு நாளைக்கு?”

“நீங்க அதை உபயோகிக்கிற வரைக்கும்.”

ஆறு கம்பெனிகள் சேர்ந்து ஒப்பந்தம் அனுப்பிவிட்டன. வெள்ளிக்கிழமைக்கு முன்பே உன் கையெழுத்து வேண்டுமாம். முடியாது என்றேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று அப்பாவிடம் நான் கேட்கவில்லை. நீ வீட்டுக்கு வந்து, என்னைத் திட்டிவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடு.

உன் அறுந்த வாலு