ஈர்க்குச்சி நுழையக் கூடாத ஓட்டை

தஞ்சோங் காராங்
புதன்கிழமை காலை

அன்பு மகன் குகனுக்கு அம்மா எழுதுவது. ஜப்பான் மழையில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நெஞ்சில் சளி கட்டாமல் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை அந்தச் சொல்லுக்குப் போகவில்லை. இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று யோசிப்பாய். என்னிடம் இருப்பது பொத்தான் போன், நல்ல போன் அப்பா கையில், உன்னோடு பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். வாரத்தில் மூன்று நாள் அவர் டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கும் நான்கு மணி நேரம்தான் எனக்கென்று இருப்பது, அதையும் இந்தச் சென்டரின் பிளாஸ்டிக் நாற்காலியில் கழிக்கிறேன். பக்கத்து வீட்டுப் புனிதவதி இதைத் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், அவள் யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

உன் தங்கை ரூபினி ரவாங்கிலிருந்து மாதம் ஒரு முறை வருகிறாள், ஃபேக்டரியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்களாம், முகம் வாடிக் கிடக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் எங்களோடு வந்து இருங்கள் என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுகிறாள். அப்பா வாசல் போர்ச்சில் போட்டிருக்கும் பட்டறையை விட்டு வருவாரா? லேத் மெஷின் இங்கே, காலேஜ் லீவில் நீ வரைந்த கார் லிங்க் டிராயிங் இங்கே. அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார் தெரியுமா, நான் விளக்கேற்றும்போது அதற்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன். எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் டிராக்டர் பிரித்த மனிதருக்கு இப்போது கையில் ஊசி போட்ட இடம் வீங்கி ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. அவர் நாற்காலியில் இருந்து கை காட்டுகிறார், நான் லேத்தில் நிற்கிறேன். கடைக்குப் போனாலும் அரை மணியில் எங்கே இருக்கிறாய் என்று போன் வந்துவிடும். நான் குறை சொல்லவில்லை தம்பி. இல்லை, சொல்கிறேன். எனக்கு மூச்சு முட்டுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், பதறாமல் படி. வளைவில் கார் சாயாமல் பிடிக்கிற உன் ஸ்டெபிலைசர் லிங்கைப் பற்றியது. உயரம் குறைத்துத் தாழ்த்திய கார்களுக்கு அப்பா செய்து கொடுத்த வரைக்கும் ஒரு குறையும் வரவில்லை. நடுக்குழாயைத் திருப்பினால் அதற்குள் மரையால் திருகிய இரண்டு முனையும் ஒன்றாக நீளும், ஒன்றாகக் குறையும், கழற்றவே வேண்டாம், அது உன் கெட்டிக்காரத்தனம், அதில் யாரும் வாய் வைக்க முடியாது. போன வருஷக் கடைசியில் சாதாரண உயரத்தில் ஓடும் கார்களுக்கும் போட ஆரம்பித்தார். சித்திரை முடிகிற சமயம், உன்னோடு படித்த சுகுமாறன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான், அப்பா உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வயல் வாய்க்கால் ரோட்டில் போகும்போது லிங்கின் முனை குழாயை விட்டுக் கழன்று, தொங்கிய முனை டயரைக் கிழித்துவிட்டதாம். வண்டி வாய்க்கால் ஓரத்தில் ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறது. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். பையைத் திறந்து பார்த்தேன், முனையில் மூன்று மரைச் சுற்றுதான் தேய்ந்து பளபளத்தது. அந்த மூன்று மரையில்தான் அவ்வளவு நாள் நின்றிருக்கிறது. அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஏன் அப்படி ஆனது என்று மூன்று நாள் யோசித்தேன். பிறகு நினைவு வந்தது. உனக்குப் பத்தொன்பது வயது, காலேஜ் லீவு, மழை. போர்ச்சில் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்து டயரைக் கழற்றி, பழைய லிங்கையும் எடுத்துவிட்டுத்தான் அளவு எடுத்தாய். டார்ச் பிடித்தது நான், நீ சொன்ன நம்பரைக் காலண்டர் தாளில் எழுதியதும் நான். தூக்கிய பக்கம் சக்கரமும், குலுக்கல் தாங்கும் அப்சோபரும் கீழே தொங்கியதில், லிங்க் உட்காரும் இடைவெளி சுருங்கியிருக்கிறது, அந்தச் சுருங்கின அளவுக்குத்தான் நீ குழாய் வரைந்திருக்கிறாய். தாழ்த்திய காருக்கு அதுவே சரியாகப் போனது. நாலு சக்கரமும் தரையில் நிற்கும் சாதாரணக் காருக்கு எட்டவில்லை, எட்ட வைக்க முனையைத் திருகித் திருகி வெளியே இழுத்து, உள்ளே மூன்று மரை மட்டும் மிஞ்சுகிறது. தப்பு உன் டிராயிங்கில் இருக்கிறது குகன். டார்ச் பிடித்தவளுக்கும் அதில் பங்கு உண்டு.

அதற்கு வழியும் கண்டுபிடித்துவிட்டேன், சிரிக்காதே. குழாயை இருபது மில்லி நீளமாக வெட்டினேன். அதோடு, மரை குறைந்தபட்சம் எதுவரை போக வேண்டுமோ அந்த இடத்தில், இரண்டு பக்கமும், குழாயில் குறுக்காக மறுபக்கம் வரை ஒரு சின்ன ஓட்டை துளைத்தேன். விளக்குமாற்று ஈர்க்குச்சியை அதில் விட்டுப் பார்க்க வேண்டும். குச்சி முட்டி நின்றால் மரை உள்ளே இருக்கிறது, ஓட்டலாம். மறுபக்கம் வெளியே வந்தால் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது. படிக்காதவன்கூடப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அப்பா தூங்கும் மத்தியானங்களில் ஒரு ஜோடி செய்து நம் வண்டியில் மாட்டினேன், மூன்று வாரமாக அவர் அதில் உட்கார்ந்துதான் இந்தச் சென்டருக்கு வந்து போகிறார். இன்று காலை வரும்போதுகூட, வளைவில் திரும்புகையில், "என் புள்ள டிராயிங் பாரு, வண்டி சாயவே மாட்டேங்குது லா" என்றார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தேன்.

சொல்லிப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். சொன்னேன். சுகுமாறன் முரட்டுத்தனமாக ஓட்டியிருப்பான் என்றார். டிராயிங்கில்தான் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னதும், "அவன் ஜப்பான்ல இன்ஜினியர், நீ என்ன படிச்ச" என்று கேட்டுவிட்டு, மறுநாள் டயாலிசிஸ் மெஷினுக்கு வர மாட்டேன் என்று படுத்துக்கொண்டார். கால் இரண்டும் வீங்கி, மூச்சு இழுத்து, நானும் புனிதவதியும் தூக்கி வண்டியில் ஏற்றினோம். அதிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. சாதாரண உயரக் காருக்குப் போட்டுக்கொண்ட மற்ற நான்கு பேரிடமும் ரப்பர் சரியில்லை, புதிது வரும், பழையதையே மாட்டி ஓட்டுங்கள் என்று பொய் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சிவநேசன் வருகிறார். எஸ்டேட் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போகிற அதே வேன் சிவநேசன்தான். பன்னிரண்டு பிள்ளைகள், தினமும் அதே வாய்க்கால் ரோடு. அவர் வேனுக்குக் குகன் லிங்க் போட்டுத் தருகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். வேனுக்கென்று கனமான முனைகள் வாங்கியாயிற்று, குழாய் மட்டும் உன் பழைய அளவு. சிவநேசனிடம் பொய் சொல்ல முடியாது, காலையில் சொன்னால் சாயங்காலம் அப்பா காதுக்கு வந்துவிடும். நீளக் குழாயை நைசாக மாட்டவும் முடியாது, அப்பா காலிப்பர் வைத்து அளந்து டிராயிங்கோடு ஒத்துப் பார்க்காமல் எதையும் விட மாட்டார். உண்மையைச் சொன்னால் அவர் மெஷினுக்கு வர மாட்டார், சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள். நான் எந்தப் பக்கம் திரும்புவது?

உன்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். செய்து முடித்த ஒவ்வொரு லிங்கையும் அப்பா உனக்குப் படம் அனுப்புகிறார். நீ ஒவ்வொன்றுக்கும் "சூப்பர்ப்பா" என்று போடுகிறாய். ஒரு படத்தையாவது பெரிதாக்கிப் பார்த்திருந்தால் எத்தனை மரை வெளியே நிற்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும், நீதானே இன்ஜினியர். நான்கு வருஷமாக வரவில்லை, அதை நான் கேட்கவில்லை. பார்த்திருக்கலாம்.

அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அப்பாவைக் கூப்பிடு. நீயாகவே உன் தப்பைக் கண்டுபிடித்ததாகச் சொல்லு. குழாய் அளவையும் ஓட்டையையும் வரைந்து புது டிராயிங் அனுப்பு, கீழே உன் பெயரைப் போடு. உன் வாயால் வந்தால் அவர் தலையில் வைத்துக் கொண்டாடுவார், புதிதாக ஒன்று செய்யக் கிடைத்தது என்று இன்னும் நாலு மாதம் தெம்பாக இருப்பார். ஓட்டை யார் யோசனை என்று கேட்டால் உன்னுடையது என்றே சொல்லிவிடு. எனக்குப் பரவாயில்லை. பரவாயில்லை என்று எழுதிவிட்டேன், ஆனால் மனசு கேட்கவில்லை, நீயாவது தெரிந்து வைத்துக்கொள்.

நீ கூப்பிடவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை சிவநேசன் வந்து நின்றதும் அரிசி டின்னைத் திறந்து அந்த முனையை அப்பா முன்னாலேயே அவர் கையில் கொடுப்பேன். நேற்றே அப்படித் தீர்மானித்துவிட்டேன். அதற்குப் பிறகு அப்பா மெஷினுக்கு வருவாரா மாட்டாரா என்பது உன் பொறுப்பும்தான்.

நர்ஸ் கூப்பிடுகிறாள், அப்பாவுக்கு ஊசி எடுத்துவிட்டார்களாம். உடம்பைப் பார்த்துக்கொள், எண்ணெய்ப் பலகாரம் குறை, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. எல்லாச் செல்வமும் பெற்று நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன்மேல் உயிரையே வைத்திருக்கும்

அம்மா,
ரமணி நல்லசாமி

மறந்துவிடாதே: படித்ததும் புனிதவதி நம்பருக்குப் பதில் போடு. சூப்பர் என்று மட்டும் போடாதே.