அலகு மூன்றின் ஆறு திங்கட்கிழமைகள்

அனுப்புநர்
ந. சாரா பீவி,
க/பெ. நஜிமுதீன்,
காஜாபேட்டை, பாலக்கரை,
திருச்சிராப்பள்ளி – 8.
(தொழில்: மனு எழுதுதல். இடம்: மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலுக்கு எதிர்ப்புறம், வேப்பமரத்தடி.)

பெறுநர்
உயர்திரு கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி மண்டலம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: ஸ்ரீரங்கம், கொள்ளிடக்கரை மகளிர் கலை அறிவியல் கல்லூரி – முதலாம் ஆண்டு மாணவியருக்கான "மனித சேவை: ஓர் அறிமுகம்" என்னும் புதிய பாடம் – அலகு 3, களப்பணி நீக்கப்பட்டது – மீண்டும் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. முன்னோட்ட வகுப்பு அறிக்கை, நாள் 16.04.2025.
2. மேற்படி கல்லூரிப் பாடத்திட்டக் குழுவின் கூட்டக் குறிப்பு, நாள் 29.04.2025.

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

1. இருபத்திரண்டு ஆண்டுகளாக மனு எழுதுவதே என் தொழில். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடிநீர்க் குழாய், சாதிச் சான்று என்று இந்த மாவட்டத்து மக்களின் குறைகள் என் கையெழுத்தில் எத்தனையோ அதிகாரிகளின் மேசைக்குப் போயிருக்கின்றன. "அனுப்புநர்" என்ற இடத்தில் என் பெயரை எழுதுவது இதுவே முதல் முறை. எனவே எங்கேனும் குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். விவரங்களில் பிழை இருக்காது.

2. சென்ற ஆண்டு அக்டோபர் மாதம், மேற்படி கல்லூரியின் சமூகப் பணித் துறைப் பேராசிரியர் திருமதி விஜயராணி அவர்கள், குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமையில் என் மேசை அருகே வந்து நின்றார். மனு எழுத வந்தவர் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன். "நான் எழுத வரலைங்க, பார்க்க வந்தேன்" என்றார். அடுத்தடுத்து மூன்று திங்கள் அப்படியே நின்று பார்த்தார். மூன்றாவது வாரம் எனக்கே பொறுக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். பிறருக்கு உதவும் பணிகளுக்குப் போக விரும்பும் பெண்களுக்காகக் கல்லூரியில் ஒரு தொடக்கநிலைப் பாடம் வரப்போகிறது என்றும், அதை வகுக்கும் பொறுப்பு தன்னிடம் தரப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார்.

3. தட்டச்சு செய்த பாடத்திட்டத்தைக் காட்டினார். அலகு 1 சேவையின் வரையறை, அலகு 2 வரலாறு, அலகு 3 கோட்பாடுகள், அலகு 4 அறநெறிகள், அலகு 5 அரசுத் திட்டங்கள். பிறர் எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கருத்துச் சொல்வது என் வழக்கம். அப்படியே படித்துவிட்டு, "எல்லாம் இருக்கு மேடம், ஆளைத்தான் காணோம்" என்றேன். படித்தவர்களில் பலருக்கு இப்படிச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த அம்மா சிரித்துவிட்டு, மனுதாரர் உட்காரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

4. அன்று தொடங்கி ஜனவரி வரை, கூட்டமில்லாத நாட்களில் நாங்கள் இருவரும் சேர்ந்து யோசித்தோம். கோட்பாடுகளை இரண்டாம் அலகுக்குத் தள்ளினோம். காலியான மூன்றாம் அலகில் ஆறு திங்கட்கிழமைகளை வைத்தோம். மாணவியர் என் மேசைப் பக்கம் அமர்ந்து, வருபவர் குறையைக் கேட்டு, மனு எழுதி, அவருடன் வரிசையில் நின்று, அதிகாரி முன்பு வரை போக வேண்டும் என்பது திட்டம். முதல் திங்கட்கிழமை காது மட்டும்தான், பேனா கிடையாது. வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது "இதுக்கு முன்னாடி எங்கெங்க போனீங்க?" என்பது. பாதிக் குறை அந்தப் பதிலிலேயே வெளியே வந்துவிடும். எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். "இது நான் சொன்னது இல்லையே" என்று அவர் சொன்னால் எத்தனை அழகாக இருந்தாலும் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். போட்டோ எடுக்கவே கூடாது.

5. எல்லாவற்றிலும் நாங்கள் ஒத்துப்போனோம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். மாணவியர் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்றார் அவர். அடுத்தவர் கண்ணீரை மார்க்குக்காக நோட்டில் எழுதுவதா என்று நான் சண்டை போட்டேன். இரண்டு வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு, பெயரும் ஊரும் இல்லாமல் எழுதலாம், என்ன உணர்ந்தேன் என்பதைவிட என்ன தவறு செய்தேன் என்பதை எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. இதில் அவர் சொன்னதுதான் சரி என்று பிற்பாடு புரிந்துகொண்டேன்.

6. கல்லூரி முதல்வர் அவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன், 17.02.2025 முதல் 24.03.2025 வரை ஆறு திங்கட்கிழமைகள் பன்னிரண்டு மாணவியரைக் கொண்டு முன்னோட்ட வகுப்பு நடந்தது. கடைசி நான்கு வாரமும் எனக்கு நோன்பு. தொண்டை வறண்டாலும் ஒரு திங்கட்கிழமைகூட நான் தவறவில்லை. மாணவியர் எழுதிய மனுக்கள் நாற்பத்து மூன்று. அவற்றுள் முப்பத்தொன்றுக்கு ஒரு மாதத்திற்குள் பதில் வந்தது. என் மேசையில் நானே தனியாக எழுதும் மனுக்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான், ஐயா. புதியவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

7. இனி, நடந்த தவறு. அதை மறைக்க நான் இந்த மனுவை எழுதவில்லை. மாணவி செல்வி ஜோதி கைலாசபுரம் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் வீட்டு வாசலுக்கே வரும் இடம் அது. ஓர் அலுவலக வரிசையில் அதுவரை நின்றதில்லை என்று அவரே சொன்னார். 03.03.2025 அன்று அவரிடம் வந்தவர் மணப்பாறை அருகிலிருந்து வந்த விவசாயக் கூலித் தொழிலாளி திரு. வீரமலை, வயது 63. அவர் மகள் வேலம்மாளுக்கு வயது 34. பிறந்ததிலிருந்து நடக்க இயலாதவர். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லை. அட்டை வாங்க மருத்துவர் முன் நேரில் வர வேண்டும் என்கிறார்கள். அந்தப் பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவர அவரால் முடியவில்லை.

8. ஜோதி இரண்டு பக்கம் எழுதினார். நல்ல தமிழ். தகப்பன் மகளைத் தோளில் சுமப்பது, மழைக்காலத்தில் வீடு ஒழுகுவது, தாயில்லாக் குறை எல்லாம் இருந்தது. படித்துக் காட்டியபோது வீரமலையே துண்டால் கண்ணைத் துடைத்தார். அந்த நேரம் நான் வேறொருவரின் பட்டா விவகாரத்தில் மூழ்கியிருந்ததால் மனுவைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அது என் குற்றம். உள்ளே அதிகாரி முழுவதும் படித்துவிட்டு, "ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. சரி, நான் என்ன பண்ணணும்னு எழுதவே இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். பின்னால் வரிசை நெருக்கியதால் மனு அப்படியே பெறப்பட்டு, வயது 63 என்று இருந்ததைப் பார்த்து யாரோ முதியோர் உதவித்தொகைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் வீணாயிற்று.

9. ஜோதி அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை என்று தோழிகள் சொன்னார்கள். பாடத்தை விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ, சனிக்கிழமை பஸ் பிடித்துத் தனியாக வீரமலை வீட்டுக்கே போய்விட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேலம்மாளிடமே நேரில் பேசி, என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முதல் மனுவில் வேலம்மாளைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது, வேலம்மாள் சொன்ன ஒரு வார்த்தைகூட இல்லை. 10.03.2025 அன்று கொடுத்த இரண்டாம் மனு எட்டே வரி. "மருத்துவர் என் வீட்டிற்கு வந்து பரிசோதித்துச் சான்று வழங்க வேண்டுகிறேன்" என்பது அதன் இரண்டாவது வரி. 09.04.2025 அன்று மருத்துவக் குழு வீட்டுக்கே வந்தது. அட்டையும் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

10. அறிக்கை எழுதும்போது இந்த நிகழ்ச்சியை எப்படிச் சொல்வது என்று பேராசிரியர் தயங்கினார். "நடந்ததை நடந்தபடி எழுதுங்க மேடம், பூசி மெழுகினா அது அறிக்கை இல்ல, விளம்பரம்" என்று வற்புறுத்தியவள் நான்தான். அவர் எழுதினார். 29.04.2025 அன்று கூடிய பாடத்திட்டக் குழு, அறிக்கையில் முப்பத்தொரு பதில்களை விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டது. மாணவியின் பிழையால் மனுதாரர் பாதிக்கப்பட்டார், இது கல்லூரிக்கு அவப்பெயர் தரும் என்று சொல்லி அலகு மூன்றை நீக்கிவிட்டது. அதற்குப் பதில் ஆறு மணி நேரக் காணொலியும், இருபது ஒரு மதிப்பெண் வினாக்களும் வைத்திருக்கிறார்கள். உண்மையை எழுதச் சொன்ன என் வாயால்தான் இந்தப் பாடம் கெட்டது என்ற வேதனையில் ஒரு மாதமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

11. குழுவின் காரணத்திற்கு என் பதில் எளிமையானது. புதிதாக வருபவர் தவறு செய்யாமல் இருக்கமாட்டார். ஜோதியின் தவறு என் மேசையில் நடந்தது, ஏழே நாளில் திருத்தப்பட்டது. காணொலி பார்த்து இருபதுக்கு இருபது வாங்கிய பெண் நாளை ஒரு காப்பகத்திலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ வேலைக்குச் சேர்ந்தபின் இதே தவறைச் செய்வார். அங்கே பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். வீரமலை போன்றவர் இரண்டாம் முறை வரவும் மாட்டார், தலையெழுத்து என்று வீட்டில் இருந்துவிடுவார். அப்படி இருந்துவிட்டவர்களை நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். காவிரியைப் படத்தில் காட்டி நீச்சல் சொல்லித்தர முடியாது, ஐயா.

12. பாதிக்கப்பட்டவர் என்று குழு குறிப்பிடும் திரு. வீரமலையை அந்தக் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டி, இடது பெருவிரல் ரேகை பெற்று இத்துடன் இணைத்துள்ளேன். அதில் உள்ளது: "அந்தப் புள்ள மொதல்ல தப்பாத்தான் எழுதுச்சு. ஒரு நாள் கூலி போச்சு, கோவம்தான். ஆனா தேடி வந்து தப்புன்னு ஒத்துக்கிட்டதும் அதுதான். முப்பது வருஷமா எத்தனையோ ஆபீஸ்ல அலைஞ்சிருக்கேன். தப்பு பண்ணிட்டேன்னு என் வீட்டுக்கு வந்தது இது ஒண்ணுதாங்க."

13. பேராசிரியர் திருமதி விஜயராணி அவர்களுக்குத் தெரியாமலே இந்த மனுவை எழுதுகிறேன். அவர் பணியில் இருப்பவர். உரிய வழியில் ஆட்சேபம் தெரிவித்துவிட்டுக் காத்திருக்கிறார். எனக்கு அப்படி மேலதிகாரி யாரும் கிடையாது, வேப்பமரம்தான். ஆகையால் இதற்காக அவரிடம் விளக்கம் கேட்க வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கூட்டக் குறிப்பு கல்லூரி இணையதளத்திலேயே இருக்கிறது. யாரும் எனக்கு எடுத்துத் தரவில்லை.

14. அதே கூட்டக் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில், "கல்வித் தகுதியற்ற இடைத்தரகர் ஒருவரின் ஈடுபாடு பாடத்தின் தரத்தைக் குறைக்கும்" என்று என்னைப் பற்றி எழுதப்பட்டுள்ளது. நான் பன்னிரண்டாம் வகுப்பும் தமிழ்த் தட்டச்சு இளநிலையும் தேர்ச்சி பெற்றவள். எந்த அலுவலகத்திலும் யாருக்கும் எதையும் முடித்துத் தருகிறேன் என்று சொல்லி ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. "இடைத்தரகர்" என்ற அந்தச் சொல்லை நீக்கி, கல்லூரி வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று இந்த மனுவின் முதல் பிரதியில் இரண்டாவது கோரிக்கையாக எழுதியிருந்தேன்.

15. யாருடைய மனுவானாலும் இன்னொருவர் படித்துப் பார்ப்பது நல்லது என்பதால், நேற்று செல்வி ஜோதியை வரவழைத்துப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்ததும், "அக்கா, இதுல ரெண்டு கேட்டிருக்கீங்க. ரெண்டு கேட்டா ரெண்டு மேசைக்குப் போகும், ரெண்டு இடத்துலயும் கிடக்கும். எது வேணும்னு ஒண்ணு சொல்லுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் மேசையில் உட்கார்ந்து என்னிடமே கேட்கிறாரே என்று கோபமும் வந்தது. சிறிது நேரம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் தேநீர் குடித்தேன். பிறகு இரண்டாவது கோரிக்கையை நானே அடித்துவிட்டேன். அந்தச் சொல்லுக்கு வேறொரு நாள் தனி மனு எழுதிக்கொள்வேன், அதற்கு எனக்குத் தெம்பு இருக்கிறது. இந்தப் பாடத்துக்குத்தான் நாள் இல்லை. கல்லூரியின் கல்விக்குழு 16.06.2025 அன்று இதை இறுதி செய்யப்போகிறது. அதன்பின் மூன்றாண்டுக்கு மாற்ற முடியாது என்கிறார்கள்.

ஆகவே ஐயா அவர்கள், 16.06.2025-க்கு முன்பாக, "மனித சேவை: ஓர் அறிமுகம்" பாடத்தில் நீக்கப்பட்ட அலகு 3-ன் ஆறு திங்கட்கிழமைகளை மீண்டும் சேர்க்குமாறு மேற்படி கல்லூரிக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். அந்த ஆறு நாட்களும் என் மேசையில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. நான் கூடாது என்று கல்லூரி கருதினால் வேறு தகுந்தவரிடம் நடக்கட்டும். சேரப்போகும் அறுபது பெண்களும் குறையோடு வரும் ஒருவர் எதிரில் உட்கார வேண்டும், அவ்வளவே என் கோரிக்கை.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,

(ஒப்பம்) ந. சாரா பீவி

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 03.06.2025

இணைப்பு: 1. முன்னோட்ட வகுப்பு அறிக்கை நகல். 2. கூட்டக் குறிப்பு நகல். 3. திரு. வீரமலையின் வாக்குமூலம், ரேகையுடன். 4. செல்வி ஜோதி எழுதிய இரு மனுக்களின் நகல் (முதலாவதும் சேர்த்தே).

மனு எழுதியவர்: மேற்படி மனுதாரர்.
படித்துப் பார்த்துத் திருத்தியவர்: செல்வி ஜோதி, முதலாம் ஆண்டு.