கிளாரினெட் தாள்கள்

ஜூலை 8, செவ்வாய்

அண்ணன் இரவு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். அவனுடைய லேப்டாப் என் மடியில். "இதுல கை வச்சே, கை இருக்காது" என்று போன மாதம்தான் சொன்னான். கை இருக்கிறது. இதுவரைக்கும்.

எங்கள் பள்ளி பேண்ட் வாத்தியக் குழுவின் சாரிடம் இருப்பது நகலுக்கு நகல் எடுத்த இசைத்தாள். எது சுரம், எது ஈ எச்சம் என்று தெரியாமல்தான் இவ்வளவு நாளும் ஃப்ளூட் வாசித்தேன். இன்று அவர் அலுத்துக்கொண்டபோது, அண்ணன் கம்ப்யூட்டரில் புதிதாக அடித்துத் தருவான் என்று சொல்லிவிட்டேன். நான் அடிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லா வாத்தியங்களுக்கும் சேர்த்து எழுதிய முழுப் பிரதியை அப்படியே கையில் கொடுத்துவிட்டார். இருபத்தைந்தாம் தேதி கச்சேரி.

ஜூலை 10

இசைத்தாள் அடிக்கும் இந்த மென்பொருளில் படம் இல்லை, பொத்தான் இல்லை. சுரத்துக்கு ஓர் எழுத்து, நீளத்துக்கு ஓர் எண் என்று கோப்பில் அடித்துவைத்து, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை கொடுக்க வேண்டும். கோடு, இடைவெளி, பக்கம் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ள வேண்டும்! எனக்குக் கிடைத்தது "41ஆம் வரியில் பிழை". ஓர் அடைப்புக்குறியை மூடவில்லையாம். அதற்குத் திரை முழுக்கத் திட்டு. அம்மாகூட இவ்வளவு நேரம் திட்டமாட்டாள்.

ஜூலை 12

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் வந்துவிட்டது. கடையில் வாங்கிய புத்தகம் போல. நான் செய்தது. நான்!

ஜூலை 16, புதன்

ஐயோ.

ஒத்திகையில் ஃப்ளூட் தொடங்கியது, சரி. கிளாரினெட் மூன்றும் சேர்ந்ததும் பக்கத்து வீட்டுக் கல்யாணம் நம் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஒரு சத்தம். கிளாரினெட் வாசிக்கும் நெட்டைப் பெண், நாங்கள் வைத்த பெயர் ஒட்டகச்சிவிங்கி, என் பக்கம் குனிந்து, "உங்க அண்ணன் எங்கள பழிவாங்குறானா?" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கிளாரினெட் இல்லாமலே கச்சேரி என்றார் சார். அண்ணனுடைய நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

படுத்த பிறகுதான் உறைத்தது. கிளாரினெட்டில் எழுதிய சுரத்தைவிட ஒரு படி கீழேதான் சத்தம் வரும். அதனால் அவர்கள் தாளில் எல்லாவற்றையும் ஒரு படி மேலே எழுத வேண்டும். முழுப் பிரதியில் எல்லாம் கேட்கிற சுருதியில் இருந்தது. நான் அதை அப்படியே கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் இன்று அண்ணனுக்கு லீவு. லேப்டாப் அவன் தலைமாட்டில். நாளைக்கு சார் அவனைக் கூப்பிட்டா என்ன பண்றது? ஓடிடலாமா? எங்க ஓடுறது, காலைல கணக்குப் பரீட்சை வேற.

ஜூலை 17

சார் கூப்பிட்டுவிட்டார். அண்ணன் போனும் கையுமாக வந்து நின்றான். "என்னவோ கிளாரினெட்டுங்கறாரு. யாருடி அடிச்சது?"

"நான்தான்."

திட்டுவான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். லேப்டாப்பை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. "சார் லைன்ல இருக்காரு. சரி பண்ணு."

அந்த ஒரு வரியை அடித்தேன். கட்டளை கொடுத்தேன். மூன்று தாளும் ஒரு படி ஏறி நின்றன. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவன் போனில், "சார், அடிச்சது நான் இல்ல, என் தங்கச்சி. எனக்குச் சங்கீதம்னா காலர் ட்யூன்தான்" என்றான்.

பிறகு என்னிடம்: "கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன். அது வேற விஷயம்."

ஜூலை 18

கிளாரினெட் சேர்ந்துகொண்டது. ஒட்டகச்சிவிங்கி தன் மிட்டாயில் பாதியைக் கொடுத்தாள்.

ஜூலை 25

கச்சேரி முடிந்தது. யாருமே தாளுக்குள் மூக்கை நுழைக்கவில்லை. எல்லோரும் நிமிர்ந்து சாரைப் பார்த்து வாசித்தார்கள். அதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். இருந்தாலும் நெஞ்சு ஒரு பிடி பெரிதாகிவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

மதியம். கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அடுத்த பாட்டின் முழுப் பிரதியைச் சார் கொடுத்திருக்கிறார், அண்ணனைக் கேட்காமல், நேராக என் கையில். லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று அவனுடையது.

"பாஸ்வேர்ட நீயே வச்சுக்கோ. எங்கிட்டச் சொல்லாத" என்றான் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.